மரத்தூள் மணக்கும் மெக்சார்லி

தரையெல்லாம் மரத்தூள். நிஜமான மரத்தூள்! கால் வைத்ததும் தச்சுப்பட்டறைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. நியூயார்க்கில், மன்ஹாட்டனின் கிழக்கு 7ஆம் தெருவில், 15ஆம் எண் கட்டடத்தில்தான் நிற்கிறேன். மெக்சார்லிஸ் ஓல்டு ஏல் ஹவுஸ் என்ற பழைய மதுக்கடை. வாசலில் பொறித்திருக்கும் ஆண்டு 1854. கடை காலை பதினொரு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் மனிதத் தலைகளைத்தான் பார்க்க முடியும், சுவரைப் பார்க்க முடியாது. இங்கே வேடிக்கை முழுவதும் சுவரிலும் கூரையிலும்தான்!

அயர்லாந்திலிருந்து வந்த ஜான் மெக்சார்லி தொடங்கிய கடை இது. கொத்தனார், தச்சர், தோல் பதனிடுபவர், இறைச்சி வெட்டுபவர், வண்டிக்காரர் என்று அக்கம்பக்கத்தில் உடம்பு நோக உழைத்த ஐரிஷ், ஜெர்மன் ஆட்கள் அந்தி சாய்ந்ததும் வந்து உட்கார்ந்த இடம். அவர்களுக்காக பிஸ்கட், பாலாடைக்கட்டி, பச்சை வெங்காயம் இலவசமாக வைத்திருப்பார்களாம். பெரியவர் ஜானுக்குப் பச்சை வெங்காயம் என்றால் உயிர். இன்றைக்கும் அதே தட்டு கிடைக்கிறது, ஆனால் காசுக்கு. பக்கத்தில் வைக்கும் கடுகு விழுதைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளுங்கள், மூக்கு வரை ஏறும்!

குடிக்க என்ன இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். லைட், டார்க் என்று இரண்டே வகை ஏல் பீர். ஒன்று கேட்டால் இரண்டு சின்னக் கோப்பைகள் வரும். அந்தப் பரிமாறும் வித்தை இருக்கிறதே! கைப்பிடிகளை விரல்களில் கொத்துக் கொத்தாகக் கோத்து, இரண்டு கையும் நிறைய, நெருக்கிய மேஜைகளுக்கு நடுவே புகுந்து வந்து, நுரை வழிய டங்கென்று வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் குடிப்பதை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1920இல் மதுவிலக்கு வந்தபோது சட்டப்படி ஊரே வறண்டது. இங்கேயோ ஏல் வற்றவில்லை! ஓய்வுபெற்ற ஒருவர் நிலவறையில் துணி துவைக்கும் தொட்டிகளில் காய்ச்சினார். போதை குறைந்த பீர் என்று பேர் வைத்து, 1933 வரை விற்றுத் தீர்த்தார்கள். மதுவிலக்குக்கு முன்பு கடை எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு படமும் உண்டு: ஓவியர் ஜான் ஸ்லோன் 1912இல் வரைந்தது. அது இப்போது டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி அண்ணாந்து பாருங்கள். பாருக்கு மேலே பழைய விளக்கில் வரிசையாகத் தொங்குவது வான்கோழியின் கவட்டை எலும்புகள். முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட பையன்கள் ஆளுக்கொன்று மாட்டிவிட்டுப் போனார்களாம். திரும்பியவர்கள் தங்களுடையதைக் கழற்றிக்கொண்டார்கள், மிச்சமிருப்பவை திரும்பாதவர்களுடையவை என்பது கடையில் வழிவழியாகச் சொல்லும் கதை. பெரியவரே ஆசைப்பட்டுச் சேர்த்தவை என்றும் ஒரு பேச்சு உண்டு. எனக்கு முதல் கதையைத்தான் நம்பத் தோன்றுகிறது. அவற்றின் மேல் தூசி சடைசடையாகத் தொங்கியது. 2011இல் சுகாதார அதிகாரிகள் வற்புறுத்தியபோது, முதலாளி மேத்யூ மேஹர் வேலையாட்கள் யாரையும் தொடவிடாமல் தானே ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

இந்த மேஹர் வந்து சேர்ந்ததே சினிமாக் கதை. இந்தக் கடையை நடத்தி வந்த ஹாரி கிர்வன் அயர்லாந்தில் கார் பழுதாகி நின்றபோது உதவப்போய், “நியூயார்க் வந்தால் வேலை தருகிறேன்” என்ற வாக்கு கிடைத்தது. 1964இல் வந்தார், வேலை பார்த்தார், 1977இல் கடையையே வாங்கிவிட்டார்!

ஒரு பெண்ணாக நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பரவசம். 1970 வரை பெண்களுக்கு உள்ளே இடமில்லை. இத்தனைக்கும் 1939 முதல் உரிமையாளரே ஒரு பெண், டாரத்தி ஓகானல் கிர்வன். ஹாரியின் மனைவி. பழைய வழக்கத்தை மாற்றுவதில்லை என்று அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகுதான் தன் சொந்தக் கடைக்குள்ளேயே வருவார். ஃபெய்த் சைடன்பர்க், கரேன் டிக்ரோ என்ற இரண்டு பெண்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். 1970 ஆகஸ்ட் 10 அன்று மேயர் லிண்ட்சே, பெண்களை உள்ளே விட மறுப்பதைத் தடுக்கும் நகரச் சட்டத்திலும் கையெழுத்திட்டார். முதல் கோப்பையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அழைத்தபோதும் டாரத்தி மறுத்துவிட்டார். அக்கம்பக்கத்தில் செருப்புத் தைத்து விற்ற பார்பரா ஷாம் அதைக் குடித்தார். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வர 1986 ஆனது. 1994இல் மேஹரின் மகள் தெரேசா, பாருக்குப் பின்னால் நின்று ஊற்றிய முதல் பெண் ஆனார்.

நான் டார்க் சொன்னேன். நீங்கள் போனால் இரண்டிலும் ஒன்று கேளுங்கள், ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாளன்று மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். வரிசை தெருவையே அடைத்துவிடும்.