பெயர் பெற்ற எடைக்கற்கள்: தஞ்சைக் கல்வெட்டுகளும் ஏதென்சு வெண்கல எடைகளும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசன் (985–1014) வழங்கிய கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள், பொருளின் நிறையோடு அதை நிறுத்த கல்லின் பெயரையும் பதிவுசெய்கின்றன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், அணிகலன்கள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டும் இறைவன் பெயர்களே.

ஏதென்சு நகரின் சந்தைவெளியான அகோராவில் கிடைத்த, ஏறத்தாழக் கி.மு. 500ஐச் சேர்ந்த மூன்று வெண்கல எடைகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. முழு எடையில் விளையாட்டுக் காயாகப் பயன்பட்ட கணுக்கால் எலும்பும், கால் எடையில் கேடயமும், ஆறில் ஒரு பங்கு எடையில் ஆமையும் புடைப்புருவங்களாக உள்ளன. ஏதென்சு மக்களின் பொதுவுடைமை என்ற பொறிப்பும் உண்டு. எழுத்தறியாதவரும் உருவைக் கண்டு எடையை அறிய இயலும் என்பதால், இவற்றை வெறும் அழகுவேலையாகக் கொள்வது பொருந்தாது.

தஞ்சைக் கல்வெட்டுகள் சந்தையை நோக்கியவை அல்ல. கோயிற் பண்டாரத்தின் கணக்கை நோக்கியவை. அக்கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுக்கமாக எழுதப்பட்டது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, 2 குன்றி ஒரு மஞ்சாடி. கல் மாறினால் இந்நுணுக்கம் பயனற்றுப்போகும். ஆகவே கழஞ்சைக் கிராமாக மாற்றுமுன் எக்கல்லால் நிறுத்தது என வினவுதல் வேண்டும். நெல்லளவைப் பொறுத்தவரை அவ்விணைப்பைக் கல்வெட்டே தருகிறது: ஆடவல்லான் மரக்கால் இராசகேசரிக்கு ஒப்பானது.