வேலியோரத்து நச்சு வித்துக்களும் சிறாரும்

கொல்லிமலை என்றவுடன் தமிழ் பயில்வோர் நினைவில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் முன்னிற்றல் இயல்பு. நகையால் மயக்கி உயிர்கொள்ளும் பாவை என்பது பழங்கதை. அது நிற்க. அழகாற் கவர்ந்து உயிருக்கு ஊறு செய்வன சில, அம்மலையின் வாழவந்தி நாட்டிலும் ஏனைத் தமிழூர்களிலும் வீட்டு வேலிகளிலேயே காய்க்கக் கூடியவை. அவற்றினின்று சிறாரைக் காக்குமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது குன்றிமணி. தட்டார் பொன் நிறுக்கவும், களிமண் பிள்ளையாருக்குக் கண் பதிக்கவும், சிறுமியர் பல்லாங்குழி ஆடவும் பயன்பட்டமையால் இதனை எவரும் பகையென எண்ணுவதில்லை. ஆயினும் இதன் பருப்பில் ஆப்ரின் என்னும் கொடிய நஞ்சுண்டு. கடினமான மேற்றோல் சிதையாமல் விழுங்கப்பட்ட வித்துப் பெரும்பாலும் அவ்வாறே வெளிப்பட்டுவிடும். மென்று தின்றாலோ, மாலை கோக்கத் துளையிட்டதை விழுங்கினாலோ நஞ்சு உடலிற் கலக்கும்.

இரண்டாவது காட்டாமணக்கு. ஆடுமாடுகள் மேயாமையால் இது உயிர்வேலியாக நடப்படுகின்றது. இதன் வித்து நிலக்கடலை போற் சுவைப்பது. கசந்து எச்சரியாமையால், ஒருவன் தின்ன, உடன் விளையாடுவோரும் பங்கிட்டுத் தின்பர். பின்னர் வாந்தியும் வயிற்றுவலியும் பேதியும் தொடரும். இவையன்றி, மஞ்சளரளியின் கொட்டை நெஞ்சத் துடிப்பைக் குலைக்கும். ஊமத்தை விதை நாவை உலர்த்திக் கண்மணியை விரித்து அறிவை மயக்கும்.

அங்ஙனமாயின், நாவலும் இலந்தையும் பறித்துண்ணும் சிறாரை 'எதையும் தொடாதே' என வெருட்டுதல் தகுமோ? அச்சம் சில நாளே நிற்கும், அறிவே நிலைக்கும். முற்றத்துச் செடி ஒவ்வொன்றின் பெயரையும் குணத்தையும் அவர்க்குக் காட்டிக் கற்பித்தல் வேண்டும். மூத்தோரிடம் காட்டிய பின்னரே எக்கனியையும் வாயிலிடுதல் வழக்கமாதல் வேண்டும். பறவை தின்றது நமக்கும் ஆகும் என்னும் எண்ணம் பிழையென்பதையும் உணர்த்துக. எதனையும் வாயிலிடும் சிறு குழவிகளுக்கோ இக்கல்வி போதாது. அவர் விளையாடும் இடத்திலிருந்து இச்செடிகளை அகற்றுதலும், குன்றிமணியை விளையாட்டுப் பொருளாகக் கொடாமையுமே காப்பாகும்.

காவலை மீறித் தின்றுவிட்டால் செய்யத்தக்கது யாது? வாயில் எஞ்சியதை அகற்றி, வாயைக் கழுவுக. உப்புநீர் புகட்டியோ விரலை விட்டோ வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. அது மூச்சுக்குழலிற் புகுந்து தீங்கை மிகுவிக்கும். தின்ற காயையோ செடியின் கிளையையோ உடனெடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைக. 108 என்னும் எண்ணிற்கு அழைத்தால் ஊர்தி வரும். குன்றிமணி நஞ்சின் குறிகள் சில மணி நேரமோ, ஒரு நாளோ கழித்துத் தோன்றலும் உண்டு. ஆதலின் குழந்தை நலமாக விளையாடுகின்றதென்று வாளாவிருத்தல் பெருந்தவறு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. பெரிய மருத்துவமனையை நாடிக் கீழிறங்க வேண்டிய மலைவாழ்நர்க்கு ஒவ்வொரு நாழிகையும் அரியது.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! நுமது வேலியை ஒருமுறை சுற்றிவந்து, அங்கே காய்ப்பவற்றின் பெயர்களை நும் தம்பி தங்கையர்க்குச் சொல்லுமின். நாம் கற்ற கல்விக்கு அதுவும் ஒரு பயனேயாம்.