திருவொற்றியூர் விளக்கும் தொழிலாளர் கூலியும்

வடசென்னைத் தொழிலாளரின் பக்தியைப் பற்றி இருவகைப் பேச்சு வழங்குகிறது. ஆலைச் சங்கு ஊதத் தொடங்கிய நாள்முதல் அப்பகுதியில் சமய ஒழுக்கம் குன்றிவிட்டதென வருந்துவோர் ஒரு சாரார். சூடங் கொளுத்துவதிலும் நேர்ந்துகொள்வதிலும் ஜனங்கள் காலம் போக்குகின்றனர், ஆதலின் உரிமைப் போருக்கு அவர்கள் உதவார் எனச் சலித்துக்கொள்வோர் மற்றொரு சாரார். பின்னவருள் நம் நண்பர்களும் பலர் உளர். இரு சாராரையும் நாம் மறுக்கிறோம். இராயபுரந் தொடங்கி எண்ணூர் வரையில் ஒரு நாள் நடந்து பார்த்தவர் இவ்வாறு பேசார்.

அங்கே பக்தி நேரத்தாலும் கூலியாலும் அளக்கப்படுகிறது. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் கூடும் நாளில் காலையில் மேலூர்த் திருவுடையம்மனையும், நண்பகலில் திருவொற்றியூர் வடிவுடையம்மனையும், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் தரிசிப்பது பெருவழக்கு. இம்மூன்றுக்கும் ஒரு பகல் முழுவதும் வேண்டும். ஒரு நாட் கூலியை இழக்க இயலாதவள் என் செய்வாள்? வடிவுடையம்மன் சந்நிதியோடு நின்று, மற்ற இரண்டையும் மனத்தால் தொழுது, வேலைக்குத் திரும்புவாள். ஜும்மாத் தொழுகைக்குச் செல்லும் முஸ்லிம் தொழிலாளி மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தே செல்ல வேண்டியிருக்கிறது. கடலில் இறங்குவோன் படகின் முகப்பில் ஏற்றும் கர்ப்பூரம் ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும். அவனுக்குக் கிடைத்த கோயில் நேரம் அவ்வளவே. படகோட்டிகள் எழுப்பிய இராயப்பர் ஆலயம் இராயபுரத்தில் இருக்கிறது. அந்த இராயப்பரும் வலை வீசிப் பிழைத்தவரே. அவ்வூரிலேயே 1910-ஆம் ஆண்டில் அமைந்த பார்ஸிகளின் அக்கினி ஆலயமும் உண்டு. நாளை ஐந்து காலமாகப் பகுத்து வழிபடுவது அவர்கள் மதவிதி. காலத்தைப் பகுப்பவர் யார், குருவா மேஸ்திரியா என்பதொன்றே வேற்றுமை.

இது புதிய சங்கதியன்று. சேக்கிழார் பாடிய கலிய நாயனார் இவ்வூரார். சக்கரப்பாடித் தெருவில் செக்கார் குடியிற் பிறந்தவர். திருவொற்றியூர்க் கோயிலில் இரவும் பகலும் விளக்கேற்றுதல் அவர் தொண்டு. அவருடைய சரித்திரத்தைப் பிரசங்கிகள் இரத்தத்தால் விளக்கெரிக்கத் துணிந்த கதையாக மட்டுமே சொல்லிப் போகின்றனர். அதற்கு முன் நிகழ்ந்தவற்றை நம் நேயர்கள் ஊன்றி நோக்க வேண்டும். செல்வம் தேய்ந்தபின் அவர் உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்று, வந்த கூலியில் விளக்கேற்றினார். அவர்கள் கொடுக்க மறுத்தனர். பிறர் செக்கில் கூலியாளாய் உழைத்தார். கூலியாட்கள் மிகுதியானமையால் அவ்வேலையும் இல்லாமற்போயிற்று. வீட்டை விற்றார். மனைவியையும் விற்க முயன்றார், வாங்குவார் இல்லை. (அம்முயற்சியை நாம் பாராட்டவில்லை.) அதன் பின்னரே கழுத்தில் கருவியை வைத்தார், இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தான் என்கிறது புராணம். அவருடைய அன்பில் குறைவு நேர்ந்ததா? இல்லை. வேலை போயிற்று, விளக்குக்கு எண்ணெயும் போயிற்று. வேலையில்லாத் திண்டாட்டத்தை இத்துணைத் தெளிவாகச் சொன்ன பழைய சரித்திரம் வேறொன்றை நாம் அறியோம்.

பக்தி போராட்டத்துக்குத் தடை என்போருக்கு விடை பெரம்பூரில் இருக்கிறது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அங்கே வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்றொரு சமய சபையை நடத்தி வந்தனர். பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் பகவத் விஷயம் கேட்க அங்கே கூடினர். கூடிய இடத்தில் தங்கள் குறைகளையும் பேசினர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அக்கூட்டுறவிலிருந்தே. இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதனைச் சொல்வர். தலைவர் பி. பி. வாடியா, பார்ஸிக் குடியிற் பிறந்து பிரம்மஞான சங்கத்திற் சேர்ந்தவர். துணைத் தலைவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார், பெரிய புராணத்துக்குக் குறிப்புரை வரைந்த சைவர். வைணவ சபையிற் பிறந்த சங்கத்துக்குப் பார்ஸியும் சைவரும் தலைமை தாங்கினர். அன்று யாரும் யாருடைய நெற்றியையும் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று மதத்தின் பெயரால் கொடியும் கோஷமுமாய் இத்தெருக்களில் ஊர்வலம் விடுவோர், அந்த ஆலைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுக்கு என்ன கூலி கிடைக்கிறதென்று ஒரு தடவையேனும் விசாரித்ததுண்டா?

எண்ணூருக்கு வருவோம். 2023 நவம்பர் இறுதியில் கார்த்திகைத் தீபம் ஏற்றினர். ஒரு வாரத்துக்குள் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்திலும் கழியிலும் பரவியது. வலையும் படகும் கறுத்தன. மீனவர் வாளிகொண்டும் கைகொண்டும் அதை அள்ளினர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அது முன்னறிந்து தாங்கும் விரதம் போன்றது. டிசம்பரில் வந்த பட்டினிக்கு நாளும் இல்லை, முடிவும் தெரியவில்லை. அக்காலத்தில் அந்தக் குப்பங்களில் எந்த வீட்டு விளக்கு எரிந்தது, எது எரியவில்லை என்று கணக்கெடுக்க ஆஸ்திகரும் வரவில்லை, நாஸ்திகரும் வரவில்லை.

ஆதிபுரீசுவரரின் திருமேனியை மூடியுள்ள கவசம் ஆண்டில் மூன்றே நாள், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் திறக்கப்படுகிறது. அந்நாட்களில் வரிசையில் நிற்பவருள் விடுப்புச் சம்பளமில்லாத ஒப்பந்தத் தொழிலாளரும் உளர். தரிசனம் செய்த நாளுக்கு அவர்களுக்குக் கூலியில்லை. தொழிற்சங்கத் தோழர்களை நாம் கேட்பது இதுதான்: அம்மூன்று நாளில் ஒரு நாளையும், ஜும்மாவுக்கு ஒரு மணி நேரத்தையும், பெரிய வெள்ளியையும் கூலியோடு தரவேண்டுமென்ற ஒரு வரி, உங்கள் அடுத்த கோரிக்கைப் பத்திரத்தில் ஏறுமா?