வன்தட்டு தோன்றாவிடில் செய்யத்தக்கது யாது?

"கணினி வன்தட்டை அறியவில்லை" என்பது பல்வேறு குறைகளுக்கு நாம் வழங்கும் ஒரே பெயராகும். குறையைப் பிரித்தறிந்தாலன்றித் தீர்வு கிட்டாது.

கிள்ளான் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அத்தோட்டப் பள்ளிகளின் மலர்களும் நிழற்படங்களும் பழைய வன்தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். ஆதலின், லினக்ஸ் கணினி வைத்திருக்கும் தமிழாசிரியர்கள் இம்முறையை அறிந்திருத்தல் நலம்.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், வன்தட்டை நான்கு படிகளில் ஏற்கிறது. மாணவன் பள்ளிக்கு வருதல், பதிவேட்டில் பெயர் ஏறுதல், வகுப்புக் குறித்தல், இருக்கையில் அமர்தல் ஆகியவற்றோடு அப்படிகளை ஒப்பிடலாம்.

முதற்படி மின்சாரம். வழக்கமான யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தருவதற்கு வகுக்கப்பட்டவை. அது போதாவிடில் வன்தட்டு சுழலாது. வடத்தையும் துளையையும் மாற்றிப் பார்க்க. அதன் பின்னும் 'டக், டக்' என்னும் ஓசை தொடருமாயின் உடனே கழற்றி, தரவு மீட்கும் வல்லுநரிடம் காட்டுக.

இரண்டாம் படி பதிவு. டெர்மினல் சாளரத்தில் 'சூடோ' என்னும் சொல்லை முன்னிட்டு, 'டி-எம்-இ-எஸ்-ஜி' என்னும் ஐந்தெழுத்துக் கட்டளையை இடுக. வன்தட்டைச் செருகியதும் கணினி கண்டவற்றை இறுதி வரிகள் கூறும். புதுவரி எதுவும் இல்லையெனில், குறை முதற்படியிலேயே உள்ளது எனலாம்.

மூன்றாம் படி பிரிவுகள். 'எல்-எஸ்-பி-எல்-கே' என்னும் கட்டளை வன்தட்டையும் அதன் பிரிவுகளையும் அளவுடன் பட்டியலிடும். வன்தட்டு காணப்பட்டுப் பிரிவு காணப்படாவிடில், பிரிவு அட்டவணை சிதைந்திருக்கக்கூடும். 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் இலவச மென்பொருள் இழந்த பிரிவுகளைத் தேடித் தரவல்லது.

நான்காம் படி, 'மவுண்ட்' எனப்படும் இணைப்பு. பிரிவு தோன்றியும் திறக்காமை இப்படியின் குறை. விண்டோஸ் கணினியில் 'விரைவுத் தொடக்கம்' இயங்கியிருப்பின், என்டிஎஃப்எஸ் பிரிவு முறையாக மூடப்படாதிருக்கும். லினக்ஸ் அதனை இணைக்க மறுக்கலாம். அதே விண்டோஸ் கணினியில் அவ்வசதியை நீக்கி, முழுமையாக அணைத்தல் வேண்டும்.

எப்படியில் தடை நேரினும், 'பார்மட்' செய்தல் ஆகாது. கோப்புகள் உள்ளே நலமாக இருக்கவும் கூடும். வன்தட்டு பழுதுறத் தொடங்கியிருப்பின், 'டிடிரெஸ்கியூ' என்னும் கருவியால் வேறொரு வன்தட்டிற்கு முழுப்படி எடுத்து, அப்படியிலேயே மேற்கண்ட மீட்பு முயற்சிகளைச் செய்க. மூலத்தைத் தொடாது வைத்தலே பாதுகாப்பு.