கணக்கு மேசைக்கு எத்தனை பேர்?

பெரிய கம்பெனி அலுவலகங்களில் 'ஹாட் டெஸ்கிங்' என்று ஒரு முறை இருக்கிறது. யாருக்கும் தனி மேசை கிடையாது. காலையில் வருபவர் காலியாக உள்ள இடத்தில் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு, மாலையில் தம் பொருள்களை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வாடகை மிச்சம் என்பதுதான் இதன் சூட்சுமம். 2020-க்குப் பிறகு பலரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கியதால் இம்முறை மேலும் பரவியது.

மளிகைக் கடைக்காரருக்கும் மண்டிக்காரருக்கும் இது பழைய சங்கதி. காலையில் தகப்பனார் உட்காரும் கல்லாவில் மதியம் மகன் உட்காருகிறார். இரவு கணக்கு முடிக்கக் கணக்குப்பிள்ளை உட்காருகிறார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பல கடைகளில் பகுதி நேரக் கணக்கர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். அவர் ஒரே நாளில் மூன்று நான்கு கடைகளுக்குப் போய் வருபவர். ஒரு கடையின் சளி அடுத்த கடைக்குப் போக வேறு வழியே வேண்டாம்.

2020 மார்ச் 25-இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியபோது, அத்தியாவசியப் பொருள் விற்பவை என்பதால் மளிகைக் கடைகள் திறந்திருந்தன. முகக்கவசமும் ஆறடி இடைவெளியும் வாடிக்கையாளருக்கு மட்டுமே என்று பல கடைகளில் எண்ணினார்கள். வாசலில் சுண்ணாம்பு வட்டம். உள்ளே கணக்கு அறையில் மூன்று பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு. ஆனால் 2020 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில் பணியிடத்துக்கும் தனியாகச் சொல்லியிருந்தது: ஒரு ஷிப்டுக்கும் அடுத்த ஷிப்டுக்கும் ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டு நேரம் ஆளாளுக்கு வேறு வேறு. அதே ஆண்டு செப்டம்பரில் விதி மீறும் வணிக நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று தமிழக அரசு அறிவித்தது. அபராதம் சிறிய நஷ்டம்தான். கோயம்பேடு சந்தை 2020 மே 5-இல் மூடப்பட்டு, காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. மொத்தக் காய்கறிக் கடைகள் திரும்பவும் திறக்கச் செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. அந்த மாதங்களின் நஷ்டத்தை அங்கே கடை வைத்திருந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-இல் கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. அன்றைய கட்டாய விதிகளும் இன்று இல்லை. ஆனாலும் மழைக்காலக் காய்ச்சல் வருகிறது, கணக்கு மேசையும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அன்றைய விதிகளில் எது உண்மையில் பயன்பட்டது என்று பார்ப்பது நல்லது.

முதலில் எல்லோரும் துடைப்பதிலேயே குறியாக இருந்தோம். ரூபாய் நோட்டை வெயிலில் காயவைத்தவர்களும் உண்டு. ஆனால் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 ஏப்ரலில், கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கூறியது. மூடிய அறையின் காற்றுதான் பெரிய ஆபத்து. நம் மண்டிகளில் கணக்கு அறை பெரும்பாலும் மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலை அடைத்து ஸ்பிளிட் ஏ.சி. மாட்டியிருக்கும். இந்த ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் உள்ளவர்கள் விட்ட மூச்சையே குளிரவைத்துத் திரும்பத் தருகிறது. ஏ.சி. ஓடினாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, எதிர்ப்புறத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் மின்கட்டணம் சற்றுக் கூடும். ஒருவருக்கு வந்த காய்ச்சலால் நான்கு பேர் படுத்துக்கொள்வதைவிட அது மலிவு. கல்லாவின் முன் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரை எதிரே தும்முபவரின் எச்சிலைத் தடுக்கும். ஆனால் உள்ளே இருப்பவருக்குக் காற்று வராமலும் செய்யும்.

அதற்காகத் துடைக்கவே வேண்டாம் என்பதில்லை. சளி, வயிற்றுப்போக்கு போன்றவை கை வழியாகவும் பரவும். ஆள் மாறும்போது கீபோர்டையும் கால்குலேட்டரையும் சானிடைசர் நனைத்த துணியால் துடைத்தால் போதும். நேரே ஊற்றினால் கீபோர்டு கெட்டுவிடும். சானிடைசர் பெரும்பாலும் ஆல்கஹால். கல்லாவில் கற்பூரம் காட்டும் கடைகளில் அந்த பாட்டிலைத் தள்ளி வைக்கவும்.

மேசையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விடுவதைவிட, இன்ன நேரம் இன்னார் என்று இரண்டு பேருக்குள் வைத்துக்கொள்வது மேல். அரசு அலுவலகங்கள் 2020 மே 18 முதல் பாதி ஊழியர்களுடன் முறை வைத்து இயங்கியதன் கருத்தும் இதுதான்: ஒரு குழுவில் நோய் வந்தால் மறு குழு வேலையைப் பார்க்கும். பில் போடும் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டால் எந்நேரம் யார் உட்கார்ந்தார் என்பது பதிவாகிவிடும். கல்லாவில் பணம் குறைந்தால் விசாரிக்கவும் அது உதவும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் செய்து, காய்ச்சலோடு கணக்குப்பிள்ளை வேலைக்கு வந்தால் பயனில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. வாசலில் நெற்றியில் வைக்கும் வெப்பமானியும் அப்போது ஒன்றும் காட்டாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்புக்கு வழி செய்கிறது. இதை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கணக்கு எழுதவும், ஈ-வே பில் போடவும் கடையில் இன்னொருவருக்குப் பழக்கிக் கொடுத்திருந்தால், "நீ வராவிட்டால் கடையே நிற்கும்" என்று முதலாளி போன் செய்ய வேண்டியிராது.