இனி என்ன? ஏலமலையில் எழும் ஒரு கேள்வி

கம்பம் பள்ளத்தாக்கில் இருள் இன்னும் பிரியாத வேளை. சாலையோரத் தேநீர்க் கடைகளில் மட்டுமே விளக்கு எரிகின்றது. தலையில் துண்டும் கையில் தூக்குப் பாத்திரமுமாகப் பெண்கள் வந்து நிற்கின்றனர். ஜீப் ஒன்று வருகின்றது. அதில் எத்தனை பேர் அடங்குவர் என்று கணக்கிடுவது வீண். வந்தவர் எல்லோரும் அடங்கிவிடுவர். கம்பமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் அது ஏறி, மாநில எல்லையைக் கடந்து, வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத் தோட்டங்களில் அவர்களை இறக்கிவிடும்போது பனி விலகத் தொடங்கியிருக்கும். மாலையில் அதே ஜீப், அதே வளைவுகள், அதே முகங்கள்.

தினமும் இறங்கிச் செல்லாமல் மலையிலேயே லயங்களில் குடியிருப்போரும் பலர். சிறு நிலம் வாங்கித் தாமே ஏலம் பயிரிடுவோரும், கடை வைத்திருப்போரும் உளர். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன; 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு வரைபடத்தில் எவ்வாறு அமைந்தாலும், கூலிக்கு ஏறும் கால்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. ஆதலின் இம்மலையின் தமிழ் மக்களைப் பற்றிப் பேசுவது, பம்பாயிலோ பெங்களூரிலோ தில்லியிலோ இருந்து இதனைப் படிக்கும் அன்பர்களுக்கும் அயலார் கதையாக இராது.

சென்ற பருவத்தில் நாம் வண்டன்மேட்டுக்குச் சென்றிருந்தோம். காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஏலச்செடி வெயிலுக்கு அஞ்சும் செடி. பெருமரங்களின் நிழலில், ஈரமான காற்றில்தான் தழைக்கும். ஆளுயரத்திற்கு மேல் இலை விரித்து நிற்கும் அச்செடியில் காயைத் தேடுவோர் முதலில் மேலேயே நோக்குவர். காயோ அடியில் இருக்கின்றது. தண்டின் அடியிலிருந்து புறப்பட்டு மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரத்தில், முற்றியவற்றை மட்டும் விரலால் அறிந்து கொய்ய வேண்டும். முற்றாததைப் பறித்தால் நட்டம். முற்றியதை விட்டால் வெடித்துவிடும். குனிந்தோ குந்தியோ நாள் முழுதும் இதையே செய்ய வேண்டும். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்தால் 1 கிலோ ஏலக்காய் ஆகும் என்றால், அந்த ஒரு கிலோவின் பின்னே எத்தனை முறை முதுகு வளைந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளலாம்.

அங்கே ஓர் அம்மையாரோடு பேசினோம். நாற்பத்தேழு வயது. இருபத்தைந்து ஆண்டுகளாக மலையேறி வருபவர். மகளை மணம் செய்து கொடுத்தாயிற்று. மகன் திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். "கடன் அடைஞ்சிருச்சு ஐயா, வீடும் ஒட்டு வீடாப் போட்டாச்சு. இத்தனை நாளா ஒண்ணுக்காக ஓடிக்கிட்டு இருந்தேன். இப்ப காலையில எந்திரிச்சா, எதுக்கு ஓடுறோம்னு இருக்கு" என்றார். துன்பத்தைச் சொல்லும் குரலில் அவர் இதனைச் சொல்லவில்லை. கணக்கில் ஏதோ விட்டுப்போனதைச் சொல்பவர்போலச் சொன்னார்.

இந்தக் கேள்விக்கு மேனாட்டு அறிஞர் பெயர் சூட்டியிருக்கின்றனர். கானடாவில் பிறந்த எலியட் ஜாக்ஸ் என்பார் 1965-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை நடுவயது நெருக்கடி என்றார். அவர் ஆராய்ந்தது பெரும்பாலும் இசைவாணர், ஓவியர், எழுத்தாளர் ஆகியோரின் வாழ்க்கையை. ஏலத் தோட்டத்தில் குனிந்து காய் எடுப்போர் அவர் கணக்கில் வரவில்லை. வந்திருந்தால் கட்டுரை சற்று வேறாக அமைந்திருக்கும் என்பது நம் எண்ணம். எரிக் எரிக்ஸன் 1950-இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். ஏழாவது பருவமாகிய நடுவயதில், தனக்குப் பின் வருவோர்க்காக ஒன்றை வளர்த்துவிட வேண்டும் என்னும் வேட்கை மனிதனுக்கு எழுகின்றது. அதற்கு வழி கிடைக்காவிடில் உள்ளம் தேங்கிய நீர்போல் ஆகின்றது என்பது அவர் கருத்து. இது நமக்கு ஏற்புடையதாகவே தோன்றுகின்றது. ஆனால் பிள்ளைகளையே அந்த ஒன்றாகக் கொண்டு வாழ்ந்த நம் மக்களுக்கு, பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின் என்ன செய்வது என்பதற்கு அந்நூலில் நேரான விடை கிடையாது.

ஊக்கமும் நோக்கமும் ஒருவருக்கு எங்கிருந்து வருகின்றன? ஒருநாள் காலையில் மின்னலென வந்து இறங்கும் என்று காத்திருப்போர் பலர். நாம் அறிந்த வாழ்க்கைகள் அவ்வாறு சொல்லவில்லை. உ. வே. சாமிநாதையரைப் பாருங்கள். 1880-இல் அவருக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்துவிட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற பெருமையும் இருந்தது. அவ்வூருக்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று வினவினார். ஐயர் நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் அதனால் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்த ஒரு கேள்வி உறுத்திற்று. ஏடுகளைத் தேடினார், ஒப்புநோக்கினார், புரியாத இடங்களுக்குச் சமணர் வீட்டுப் படிகளில் ஏறினார். 1887-இல் சிந்தாமணி அச்சாகி வெளிவந்தது. பின்னர் 1942-இல் மறையும் வரை ஏடு தேடுவதே அவர் வாழ்வாயிற்று. முதலியாரைச் சந்தித்த நாளன்று அவருக்கு அந்நூலின்மேல் காதல் இல்லை. தெரியாத ஒன்று இருக்கின்றதே என்னும் கூச்சந்தான் இருந்தது. காதல் வேலையின் நடுவே, மெல்ல வந்தது.

பெரும்புலவர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமே. வண்டன்மேட்டிலிருந்து சிறிது தொலைவில் உள்ள கட்டப்பனையிலேயே ஒருவரைக் காட்டலாம். செபாஸ்டியன் ஜோசப் என்னும் ஏல விவசாயி தம் தோட்டத்தில் சில செடிகள் மற்றவற்றைவிட மிகுதியாகக் காய்ப்பதைக் கண்டார். எல்லோர் தோட்டத்திலும் அத்தகைய செடி ஒன்றிரண்டு இருந்திருக்கும். கண்டவர் மகிழ்ந்து, காயை எடுத்துக்கொண்டு போயிருப்பர். இவர் நின்று பார்த்தார். சிறந்ததைத் தேர்ந்து, கிழங்கோடு பிரித்து நட்டு, மீண்டும் பார்த்தார். இவ்வாறு உருவான ஞள்ளானி என்னும் வகை, அவர் வீட்டுப் பெயரையே தாங்கி, ஏலமலை முழுவதும் பரவிற்று. இன்று அம்மலையில் அப்பெயரை அறியாதார் இல்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செபாஸ்டியன் ஜோசப்பிடம் நிலம் இருந்தது. ஐயரிடம் சம்பளமும் கல்லூரியும் இருந்தன. கூலிக்கு ஏறுபவரிடம் உள்ளது ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அதிலும் துணி துவைக்கும் நேரம் போக மிஞ்சுவது சிறிது. ஊக்கம் மனத்தில் இருந்தால் போதும் என்று மேடையில் சொல்வோர் இதனை நினைப்பதில்லை. மேலும், மலையில் நம்பிக்கை என்னும் சொல்லை விலை என்னும் சொல் விழுங்கிவிடுகின்றது. புற்றடியில் வாசனைப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடம் உள்ளது. ஏலத்தையே ஏலம் விடும் அவ்விடத்தில் 2019 ஆகஸ்டு 3 அன்று ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அன்று மலை முழுவதும் அதே பேச்சு. அடுத்த ஆண்டே விலை இறங்கிற்று. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் எல்லை அடைபட்டபோது, கம்பத்தாரும் போடியாரும் மலையேற இயலாமல் வீட்டில் இருந்தனர். விலையையும் கூலியையும் மட்டுமே பற்றிக்கொண்டு நின்ற மனத்திற்கு அந்த மாதங்களில் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாமற் போயிற்று. விலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, வேண்டியதே. ஆயினும் ஏலக்கூடத்துத் திரையில் ஏறி இறங்காத ஏதேனும் ஒன்று, அது சிறியதாயினும், கைவசம் இருப்பது நன்று.

அது என்னவாக இருக்கலாம் என்பதை வெளியிலிருந்து ஒருவர் எழுதிக்கொடுக்க இயலாது. ஒன்றை மட்டும் கூறுவோம். அதுவும் அயல் மாநிலத்தில் வாழ்வோர்க்கு நெருக்கமானது என்பதால். நம்மவர் பலர் இருக்கும் ஊரின் மொழியைப் பேசுகின்றனர், படிப்பதில்லை. பஸ் பலகை, மருந்துச் சீட்டு, பஞ்சாயத்து விண்ணப்பம் எல்லாவற்றிற்கும் இன்னொருவரை நாட வேண்டியிருக்கின்றது. இளம் வயதில் இது பெரிதாகத் தோன்றுவதில்லை. வயது ஏற ஏற அந்த நாடுதல் உள்ளத்தைக் குறுக்குகின்றது. கேரளம் 1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன்பின்னும் முதியோர் கல்வி அங்கு நிற்கவில்லை. ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா 2018-இல், தம் 96-ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் பெற்றார். தமிழிலேயே படிப்பைத் தொடர விரும்புவோர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. அங்கே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் கீழ்வரம்பு 14 வயது, மேல்வரம்பு கிடையாது. சான்றிதழால் இந்த வயதில் என்ன வேலை கிடைக்கும் என்பர் சிலர். வேலை கிடைக்காமலும் போகலாம். உறுத்தும் கேள்வி ஒன்று கிடைக்கும். ஐயருக்கும் முதலில் கிடைத்தது அதுதான்.

நாம் முன்னே சொன்ன அம்மையார் அன்று மாலை ஜீப்புக்குக் காத்திருக்கையில் மீண்டும் நம்மிடம் வந்தார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கின்றாளாம். மதிய உணவு வேளையில் அவள் இவருக்கு மலையாள எழுத்து கற்றுக்கொடுக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகின்றதாம். விடுமுறை நாட்களில் மட்டுமே பாடம். சிலேட்டு கிடையாது, காய் கட்டும் சாக்கின்மேல் கரித்துண்டால் எழுதுகின்றனர். கூட இருந்த பெண்கள் கேலி செய்தனர். இப்போது அவர்களில் இருவர் அருகில் வந்து அமர்ந்து பார்க்கின்றனர்.

அப்போது பஸ் ஒன்று வந்தது. அவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பலகையை உற்று நோக்கினார். குமுளி எளிதில் வருகின்றது, புளியன்மலையும் வருகின்றது. கட்டப்பனைதான் தடுக்கின்றது என்றார். நம் எழுத்தில் புள்ளி வைத்துத் தனித்தனியே எழுதும் இரட்டை எழுத்தை அவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து எழுதுகின்றனர். ஒரே ஊர்ப்பெயரில் அத்தகையவை இரண்டு வருகின்றன. பஸ் புறப்பட்டு வளைவில் மறையும் வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.