பழைய காருக்கு ஒரு வெல்டிங் இயந்திரம்: வாங்கப் போகின்றவர்களுக்குச் சில வார்த்தைகள்

இங்கிலாந்தில் குளிர்காலம் தொடங்கியதும் வீதிகளில் உப்புத் தூவுகின்றார்கள். பனிக்கட்டியைக் கரைக்கும் அந்த உப்பு, எமது பழைய கார்களின் அடிப்பாகத்தையும் சேர்த்தே தின்றுவிடுகின்றது. மூன்று வயதைக் கடந்த கார் ஆண்டுதோறும் எம்.ஓ.ரி. பரிசோதனைக்குச் செல்லவேண்டும். ஆசனப்பட்டி, சஸ்பென்சன் போன்றவை பூட்டப்பட்டுள்ள இடத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் தகடு கறள் பிடித்து வலுவிழந்திருந்தால் கார் தேறாது. எஞ்சின் குறையின்றி ஓடும். ஆனால் தகட்டை ஒட்டுவதற்குக் கராஜில் கேட்கும் கூலி, காரின் பெறுமதியையே தாண்டி நிற்கும். பஸ் ஓடாத நேரத்தில் வேலைக்குப் புறப்படவேண்டியவர்களுக்கு இது சிறிய விடயமன்று. "நாமே ஓர் இயந்திரம் வாங்கினால் என்ன?" என்ற எண்ணம் அப்போதுதான் எழுகின்றது.

எமக்கும் எழுந்தது. பாவித்த சாமான்கள் விற்கும் சந்தையொன்றில், குச்சி கொண்டு ஒட்டும் இயந்திரம் ஒன்றை மலிவாக வாங்கினோம். 160 அம்பியர் என்று அதன் முகப்பில் பெரிதாக எழுதியிருந்தமையே எம்மைக் கவர்ந்தது. ஒரு பென்ஸ் நாணயமளவு ஓட்டையை அடைக்கப் புறப்பட்டு, உள்ளங்கையளவு ஓட்டையுடன் எழுந்து வந்தோம்!

எமது பிழை இதுதான். கார் உடலின் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 1 மில்லிமீற்றர் வரையான தடிப்பே உடையது. அதற்கு வேண்டியது பெரிய நெருப்பன்று, சிறிய நெருப்பு. எனவே கடையில் இயந்திரம் எத்தனை அம்பியர் வரை ஏறும் என்று கேளாதீர்கள்; எத்தனை அம்பியர் வரை இறங்கும் என்று கேளுங்கள். 30 அம்பியருக்கேனும் இறங்காத இயந்திரம் கார் வேலைக்கு உதவாது.

இவ்வேலைக்கு ஏற்றது, சுருளிலிருந்து கம்பி தானே வெளிவரும் 'மிக்' வகை. 'ரிக்' வகை அழகாக ஒட்டும். ஆயினும் விலையும் அதிகம், பழகவும் நாளாகும். 'மிக்' வகையிலும் வாயு இன்றி ஒட்டுபவை மலிவாகக் கிடைக்கின்றன. வெளியே காற்றில் வேலை செய்ய அவை நல்லவை. ஆனால் மெல்லிய தகட்டில் பொறி தெறித்து இலகுவில் துளை விழும். ஆர்கனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயுவுடன் 0.6 மில்லிமீற்றர் கம்பியைப் பாவித்தால் புதியவர்களின் கைக்கும் ஒட்டு வசப்படும். எறிந்துவிடும் சிறிய வாயுப் போத்தல்கள் சில நிமிட வேலைக்கே காணும். மாதவாடகையின்றி, மீண்டும் நிரப்பித் தரும் சிலிண்டரே முடிவில் இலாபம். இயந்திரத்தின் விலையோடு இதையும் முகமூடியின் விலையையும் கூட்டிப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.

வீட்டிலுள்ள 13 அம்பியர் மின்செருகியில் இயங்குமா என்பதையும் விசாரியுங்கள். நீள வயரைச் சுருளோடு பாவித்தால் அது சூடேறி உருகும். முழுவதையும் அவிழ்த்தே பாவிக்கவேண்டும். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மட்டும் ஒட்டக்கூடிய இயந்திரத்தைக் கண்டு முகஞ் சுளிக்கத் தேவையில்லை. தகட்டைக் கோணவிடாமல் சிறிது சிறிதாக ஒட்டுகின்றவனுக்கு அதுவே போதும். ஆனால் இடைவெளிகள் இறுதியில் முற்றாக நிரம்பவேண்டும். ஓட்டைமேல் வைத்த தகட்டின் விளிம்பு முழுவதும் தொடர்ச்சியாக ஒட்டப்படாவிட்டால் பரிசோதகர் ஏற்கமாட்டார்.

முகமூடியில் சிக்கனம் பிடிக்கவேண்டாம். வெறுங் கண்ணால் பார்த்தவர் அன்றிரவே மணல் அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தித் துடிப்பார். வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்குவது என 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. எனவே பூட்டிய கராஜினுள் இவ்வேலை கூடாது. நாகம் பூசிய தகடாயின் பூச்சைச் சுரண்டிவிட்டு, அதற்குரிய சுவாசக் கவசத்துடனேயே தொடங்குங்கள்.

பற்றரியைக் கழற்றுங்கள். பெற்றோல் தாங்கியும் குழாயும் எங்கே செல்கின்றன என்று குனிந்து பாருங்கள். அருகில் இருந்தால் அந்த வேலையைக் கராஜுக்கே விட்டுவிடலாம். உள்ளேயுள்ள கம்பளத்தையும் ஆசனத்தையும் அகற்றாமல் ஒட்டினால், மறுபக்கத்தில் மூளும் நெருப்பு முகமூடிக்குள் இருப்பவருக்குத் தெரியாது. தீயணைப்பானுடன் இன்னொருவர் காரினுள் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் காரை விட்டு அகலவேண்டாம். தேநீரை அங்கேயே கொண்டுவரச் சொல்லலாம்.